படிக்கட்டின் கீழுள்ள இடம் யாருக்குப் பாத்தியம்?

வணிகம் செய்யும் நம்மவர்களுக்கு இருப்புக் கணக்கு எடுப்பது புதிதல்ல. ஆண்டு முடிவில் கடையைச் சாத்திவிட்டு, அலமாரி அலமாரியாக எண்ணி, ஓடுகிற சரக்கு எது, முடங்கிய சரக்கு எது என்று பிரிப்போம். முடங்கியதை அரை விலைக்காவது தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஓடுகிற சரக்கை ஏற்றுவோம். இடத்துக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் ஒவ்வொரு நாளும் நம் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கும். இத்தனை கண்டிப்புள்ள நாம், இரவில் கல்லாவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போனதும் வேறு மனிதராகிவிடுகிறோம். அங்கே முடங்கிக் கிடப்பதற்கு நாம் கணக்கு எடுப்பதில்லை. இது ஏன் என்ற கேள்வி எனக்கு என் அறுபத்தெட்டாவது வயதில்தான் எழுந்தது. எழுப்பியவள் என் மருமகள்.

சுங்கைப்பட்டாணியில் எங்களுடையது கீழே கடையும் மேலே குடியுமான பழைய கடைவீடு. அஞ்சடியைத் தாண்டி உள்ளே வந்தால் முன்பகுதி முழுதும் கடை. பின்னால் வெயிலும் மழையும் நேரே இறங்குகிற திறந்த முற்றம். அதை ஒட்டி மாடிப்படி. அந்தப் படிக்குக் கீழே ஐந்தடி நீளமும் நான்கடி அகலமுமாகக் கதவு போட்ட ஒரு சிற்றறை. எங்கள் அத்தா காலத்தில் அதற்குச் ‘சாமான் அறை’ என்று பெயர். பிள்ளைகள் ‘ஸ்டோர்’ என்கிறார்கள். அத்தா 1994-இல் மௌத்தானது முதல் அதன் சாவி என்னிடம் இருக்கிறது.

என் பேரனுக்கு இரண்டரை வயது. கடைக்குள் ஓடி வந்தால் அரிசி மூட்டையில் ஏறுகிறான். மாடிக்குப் போனால் கைத்தொலைபேசியைப் பிடுங்குகிறான். ஒருநாள் மருமகள் கேட்டாள்: “மாமா, படிக்குக் கீழே இருக்கும் அந்த ஸ்டோரைப் பிள்ளைக்குத் தாருங்களேன். ஒரு பாயை விரித்து நாலு புத்தகம் வைத்தால் உட்கார்ந்து பார்ப்பான்.”

“அதிலே சாமான் இருக்கிறதம்மா” என்றேன்.

“அந்தச் சாமானைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் மாமா?”

எனக்கு ஜவாப் வரவில்லை. கடையில் ஒரு பையனிடம் நான் கேட்கிற கேள்வியை அவள் என்னிடம் கேட்டுவிட்டாள். அன்றிரவு படுக்கையில் கிடந்து யோசித்தேன். ஒரு வீட்டின் இடத்தில் யாருக்குப் பாத்தியதை? சம்பாதித்துக் கட்டியவருக்கா, அவர் விட்டுப்போன பொருளுக்கா, அல்லது இன்னும் ஒரு காசும் சம்பாதிக்காத பிள்ளைக்கா? பாத்தியதை பேசத் தெரிந்தவருக்கு இடம் கிடைத்துவிடும். பொருளுக்கு வாயில்லை என்றாலும் அதற்காகப் பேச நான் ஒருவன் இருந்தேன். பிள்ளைக்கு, அவன் தாயைத் தவிர, யாரும் பேசவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கதவைத் திறந்தேன்.

என் சொந்தச் சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடாத இரண்டு மின்விசிறிகள், பிஸ்கோத்துத் தகரங்கள், மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு கலியாணத்துக்கு வாங்கி மறு கலியாணத்துக்கு எடுக்காத தட்டுகள், நாகூர் ஹனீபாவின் ஒலிநாடாக்கள் ஒரு பெட்டி. நாடாவைப் பாட வைக்கும் கருவி வீட்டில் இல்லாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. பாட்டெல்லாம் கைத்தொலைபேசியிலேயே வருகிறது. அத்தாவின் தூக்குத் தராசும் கட்டிக் கணக்குப் படிகளும் இருந்தன. 1972-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டம் வந்து, நாடு கிலோவுக்கு மாறிய பிறகு அந்தப் படிகளுக்கு வேலையில்லை. ஆனாலும் வைத்திருந்தோம். ‘எதற்காவது உதவும்’ என்ற ஒரே வாசகத்தை வைத்துக்கொண்டு நாம் ஒரு வீட்டையே நிரப்பிவிடுகிறோம்.

வீட்டில் எத்தனை விரிப்புகள் போதும் என்று எண்ணிக்கை சொல்லி, விருந்தாளிக்கு உரியதற்கும் மேற்பட்டதை ஷைத்தானின் கணக்கில் சேர்த்த நபிமொழி முஸ்லிம் ஷரீபில் இருக்கிறது. அதை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறேன். படிக்கட்டின் கீழே குனிந்து நின்றபோதுதான் அது எனக்குச் சொன்னதாகப் பட்டது. பதுக்கலைப் பற்றிய கண்டனத்தையும் இங்கே இழுத்து வரலாமென்று தோன்றியது. அது நியாயமாகாது. விலையேற்றத்துக்காக மக்களுக்கு வேண்டிய பொருளை, அதிலும் உணவுப் பொருளை, அடைத்து வைப்பதே அங்கே குற்றம். துருப்பிடித்த தராசுக்கு எந்தச் சந்தையும் காத்திருக்கவில்லை. எடுத்ததற்கெல்லாம் பெரிய வார்த்தையைப் பிரயோகிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. இவையெல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. தராசை மட்டும் துடைத்துக் கடைச்சுவரில் மாட்டினேன்.

இந்த இடத்தில், பேரப்பிள்ளை உள்ளவர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அறை முழுதும் அந்துருண்டை நாற்றம். பாச்சை உருண்டை என்பாரும் உண்டு. ஈரம் அதிகமுள்ள நம் ஊர்களில் துணிக்கும் புத்தகத்துக்கும் நடுவே அதைப் போட்டு வைப்பது வழக்கம். அதில் நாப்தலீன் என்னும் பொருள் இருக்குமானால், ‘ஜி-6-பி-டி’ குறைபாடுள்ள குழந்தைக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் சோகையையும் மஞ்சட்காமாலையையும் உண்டாக்கும். இக்குறைபாடு நம் நாட்டில் அரிதல்ல. அதனால்தான் மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து இதைப் பரிசோதிக்கிறார்கள். என் பேரனுக்குக் குறைபாடு இல்லை என்று மருமகள் சொன்னாள். ஆனால் வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் பரிசோதனை அட்டையைக் கேட்டுக்கொண்டா உள்ளே விடமுடியும்? தவிர, உருண்டையைப் பார்த்தால் மிட்டாய் போல இருக்கிறது. இரண்டரை வயதில் எதையும் வாயில் போட்டுத்தான் பார்ப்பார்கள். அத்தனையையும் பொறுக்கி எறிந்து, கதவைக் கழற்றி, சுண்ணாம்பு அடித்து, பத்து நாள் காற்றாட விட்டோம். நாற்றம் போன பிறகே பாய் விரித்தோம்.

இனி, எளிதில் தள்ளமுடியாதவற்றுக்கு வருகிறேன்.

ஒரு தகரப் பெட்டி நிறைய ‘மூன்று ஐந்து’ குறிப்புப் புத்தகங்கள். அட்டையில் 555 என்று அச்சிட்ட அந்தச் சிறு புத்தகத்தை மலேசியாவில் அறியாத வணிகர் இருக்கமாட்டார். கடன் கணக்கு எழுத அதைவிடப் பிரசித்தமான புத்தகம் இந்நாட்டில் வேறில்லை. அத்தா முதலில் பீடோங் பக்கத்தில் தோட்டத்துச் சாலையோரமாகத்தான் கடை வைத்திருந்தார். பால்மரம் வெட்டும் சனங்கள் மாதம் முழுதும் பற்றுக்கு எடுத்துச் சம்பள நாளில் கொடுப்பார்கள். ‘நானா, எழுதிக்கொள்ளுங்கள்’ என்பதுதான் அந்தக் கடையில் அதிகம் கேட்ட வார்த்தை. புத்தகத்தில் பெயர் முழுதாக இராது. ஏழாம் லயத்து மூக்குத்திக்காரி, கிழிந்த குடைக்காரர், மூன்று பெண் பெற்றவர் என்றுதான் எழுதியிருக்கிறது. கீழே அரிசி இரண்டு காந்தாங், கருவாடு அரைக் கட்டி, பால் டின் ஒன்று. 1974-ஆம் ஆண்டுப் புத்தகங்கள் மட்டும் தடித்திருந்தன. ரப்பர் விலை விழுந்து, நம் கெடாவில் பாலிங்கிலே பல்லாயிரம் பேர் பசிக்காகத் தெருவுக்கு வந்த ஆண்டு அது. அந்த ஆண்டு எழுதிய பற்றுகளில் பாதிக்கு மேல் அடிக்கவில்லை, அதாவது, வரவாகவில்லை.

இந்தப் புத்தகங்கள் குப்பையா? சட்டத்தைக் கேட்டால் குப்பைதான். 1953-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி இத்தகைய கடனுக்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு நீதிமன்றம் போகமுடியாது. ஆனால் கொடுக்கல் வாங்கலில் உள்ள மனிதனுக்கு நீதிமன்றம் ஒன்றே கணக்கு அல்ல. நம் மார்க்கத்தில் கஷ்டப்படுகிறவனுக்குத் தவணை கொடுக்கச் சொல்லியிருக்கிறது. விட்டுக்கொடுத்துவிட்டால் அது இன்னும் மேல் என்றும் சொல்லியிருக்கிறது. அத்தா கேட்டு வாங்கவில்லை. ஆனால் விட்டேன் என்றும் சொல்லவில்லை. சொல்லாமலே மௌத்தாகிவிட்டார்.

‘கிழித்துப் போடவேண்டியதுதானே’ என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்ய எனக்கு அதிகாரமில்லை என்பது பிறகு நினைவுக்கு வந்தது. இறந்தவருக்கு வரவேண்டிய கடன் அவர் விட்டுச் சென்ற சொத்தில் சேர்ந்தது; வாரிசுகள் அனைவருக்கும் அதில் பங்கு. ஒரு வாரிசு தன் பங்கை மன்னிக்கலாமே தவிர, மற்றவர் பங்கை மன்னிக்க அவனுக்கு உரிமையில்லை. எங்கள் அம்மா இப்போது இல்லை. எஞ்சியிருப்பவர்கள் நாங்கள் நால்வர்: கோலாலம்பூரில் அண்ணன், நான், கூலிமில் தம்பி, ராமநாதபுரம் மாவட்டத்தில் கட்டிக்கொடுத்த தங்கை. பிள்ளைக்கு ஒரு மூலை ஒதுக்கப்போய், நான்கு பேருடைய பாகப் பிரச்சினையில் கால் வைத்துவிட்டேன்.

பழைய காகிதக்காரரிடம் போடலாம் என்று கடைப் பையன் யோசனை சொன்னான். அதற்கு மனம் ஒப்பவில்லை. எந்த வீட்டில் எந்த மாதம் அரிசியில்லாமல் போனது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கடன் கொடுத்தவன் என்ற முறையில் நாம் அறிந்த இரகசியம் அது. அதில் பஜ்ஜி மடித்துக் கொடுப்பார்கள்.

இரண்டாவது, ஒரு டிரங்குப் பெட்டி. மூடிமேல் வெள்ளைச் சாயத்தில் ஒரு பெயரும் தோட்டத்து டிவிஷன் எண்ணும். இது எங்களுடையதல்ல. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள், அதாவது குடியுரிமை இல்லாதவர்கள், வேலை அனுமதி பெற்றுத்தான் வேலை செய்யலாம் என்றாயிற்று. 1969, 1970 ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். அவர்களில் ஒருவர் புறப்படும் முன் அத்தாவிடம் இந்தப் பெட்டியைக் கொடுத்து, வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். கேட்டால் கொடு, இல்லாவிட்டால் தொடாதே என்று அத்தா என்னிடம் சொன்னார். அமானிதம் என்றால் என்ன என்று நான் பள்ளிவாசலில் கற்றதைவிட அந்தப் பெட்டியின் பூட்டைப் பார்த்துக் கற்றது அதிகம்.

உடையவர் உயிரோடிருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அந்தத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, அதையும் ஒருபுறம் அழித்து வீடமைப்பு வந்துவிட்டது. லயங்கள் இருந்த சுவடு இல்லை. கோவில் மட்டும் இருக்கிறது. கோவில் கமிட்டியில் உள்ள பெரியவர் ஒருவர் அந்தப் பெயரை நினைவுபடுத்திக்கொண்டார். சேலம் பக்கம் என்றார், மேல்விவரம் தெரியவில்லை. அவரையே அழைத்து வந்து, அவரும் மருமகளும் சாட்சியாக, பூட்டை உடைத்தோம். இரண்டு வேட்டி, பீங்கான் பூச்சுத் தட்டு ஒன்று, பால்வெட்டும் கத்தி, அப்புறம் மூன்று வயதுப் பிள்ளைக்கு அளவான ஒரு பாவாடை, மடிப்புக் கலையாமல். எழுதி வைத்துக்கொண்டு திரும்ப மூடினோம். அந்தப் பெட்டி போகவில்லை. மாடியில் என் அறைக்குப் போயிற்று. அடைசல் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் நம்முடையதும் பிறருடையதும் கலந்து கிடக்கிறது என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். எல்லாவற்றையும் தூக்கியெறிந்தால் மனம் இலேசாகும் என்று இக்காலத்தில் பலர் எழுதுகிறார்கள். தம்முடையதை எறிபவருக்கு ஆகலாம்.

மூன்றாவது, புத்தகங்கள். அத்தாவுக்குப் படிப்பில் சிரத்தை உண்டு. சீறாப்புராணப் பிரதி ஒன்று, கரையான் பாதி தின்றது. மேலட்டை போன ஓர் அரபுத் தமிழ் நூல். பழைய ‘பிறை’ இதழ்கள் சில. தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறையில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நம் பாட்டிமார் மார்க்கம் கற்றார்கள். என் அம்மா அதை ஓடவிட்டு வாசிப்பார். நான் எழுத்துக் கூட்டுவேன். என் மகனுக்கு எழுத்து தெரியும், ஆனால் அது தமிழ் என்பது தெரியவில்லை. அரபு என்று நினைத்து மரியாதையோடு மேலே எடுத்து வைத்தான். பூட்டி வைத்து நாம் காப்பாற்றியதாக நினைத்தது இரண்டு தலைமுறையில் இப்படி ஆயிற்று.

சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன், 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்காகவே இருக்கின்றன என்பது அவற்றில் முதலாவது. இதுவும் ஒரு விதியா என்று கேட்கத் தோன்றும். ஐரோப்பாவில் நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருந்த காலம் உண்டு. இங்கிலாந்தில் ஹெரிஃபோர்ட் ஊரின் பெரிய தேவாலயத்தில் அந்தச் சங்கிலி நூலகத்தை இன்றும் பார்க்கலாம். கையால் எழுதி ஒரு பிரதி உண்டாக்கிய நாளில் சங்கிலிக்கு நியாயம் இருந்தது. அச்சு வந்து நூல் மலிந்த பிறகும் பூட்டுகிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை. அதனால்தான் அதை ஒரு விதியாகவே எழுத வேண்டியிருந்தது. அதே 1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் நூலகம் ஒன்றையும் அவர் தொடங்கி வைத்தார். புத்தகம் இருக்குமிடத்துக்கு மனிதன் வரவில்லையென்றால் மனிதன் இருக்குமிடத்துக்குப் புத்தகம் போகவேண்டும் என்பது அவர் கணக்கு. சரக்கைத் தலையில் சுமந்து தோட்டம் தோட்டமாகப் போய் விற்றவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு இது புரியாததல்ல.

நம்மவர்களிலும் அப்படி ஒருவர் இருந்தார். 1887-இல் சிங்கப்பூரில் மகுதூம் சாகிபு ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கி 1890 வரை நடத்தினார். நம்மவர் நடத்திய அந்தத் தமிழ்ப் பத்திரிகையை இன்றும் வாசிக்க முடிகிறதென்றால், அதன் பிரதிகள் ஒரு நூலகத்தில் சேர்ந்ததே காரணம். எத்தனை இதழ்கள் என் சாமான் அறையைப் போன்ற அறைகளில் கரையானுக்குப் போயினவோ! அரபுத் தமிழ் நூலை, அதை வாசிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது கை சற்றுத் தயங்கியது உண்மை. அத்தாவின் பொருள் என்ற பற்று அது. ஆனால் அத்தா அதை வாங்கியது வாசிக்கத்தானே?

அறை காலியாயிற்று. அதை எப்படி அமைத்தோம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதவு இல்லை, பிள்ளை உள்ளே சென்று அடைபட்டுக்கொள்ளக் கூடாது. தரையில் மெங்குவாங் பாய், அதன்மேல் ஒரு பஞ்சு மெத்தை, இரண்டு தலையணை. விளக்கு அவன் கைக்கு எட்டாத உயரத்தில், தொங்குகிற கம்பி எதுவுமில்லாமல். தலை இடிக்கும் சரிவில் கட்டை விளிம்புக்குத் துணி சுற்றினோம். புத்தகத் தட்டு முழங்கால் உயரம். சுவரோடு திருகாணி போட்டு இறுக்கியது, ஏனெனில் ஏறுவான். புத்தகங்களை முதுகு தெரிய அடுக்காமல் அட்டை முகம் தெரிய நிறுத்தியிருக்கிறோம். எழுத்து அறியாதவன் படத்தைப் பார்த்துத்தானே எடுப்பான்? ஒரு நேரத்தில் எட்டுப் புத்தகத்துக்கு மேல் வைப்பதில்லை. மற்றவை மாடியில், வாரம் ஒருமுறை மாற்றுகிறோம். கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் சரக்கை எப்படி மாற்றுகிறோமோ அப்படி.

பிள்ளையின் உயரத்துக்கு உலகைத் தாழ்த்தும் இந்த யோசனை என்னுடையதல்ல. 1907-இல் ரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் பகுதியில் மரியா மாண்டிசோரி அம்மையார் குழந்தைகளுக்கு ஒரு வீடு திறந்தார். நாற்காலி, மேசை, தட்டு யாவும் பிள்ளைகள் அளவில். தானே எடுத்துத் தானே திரும்ப வைக்கட்டும் என்பது அங்கே ஏற்பாடு. அந்த அம்மையார் 1939-இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். நம் தமிழ்ப் பள்ளிகளின் பாலர் வகுப்புகளில் தாழ்ந்த தட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு அது நினைவு வருகிறது. கடையில் வாடிக்கையாளர் கைக்கு எட்டும் உயரத்தில் சரக்கு வைக்க வேண்டுமென்று நாம் அறிந்திருக்கிறோம். வீட்டில் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் என்ன வைத்திருக்கிறோம் என்று பார்த்தால் செருப்பும் துடைப்பமும்தான்.

இதற்கு ஆட்சேபணைகள் வந்தன. பக்கத்துக் கடை நண்பர், “நாமெல்லாம் தெரு விளக்கில் படித்தோம், நமக்கு யார் மூலை கட்டிக் கொடுத்தார்கள்?” என்றார். உண்மைதான். ஆனால் தெரு விளக்கில் படித்தவர்களை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். விளக்கில்லாததால் படிக்காமல் போனவர்கள் நம்மிடமே மூட்டை தூக்கினார்கள். வேறொருவர், “இரண்டு வருஷத்தில் பையன் வளர்ந்துவிடுவான், அதற்காக இவ்வளவா?” என்றார். இது கனமான கேள்வி. முப்பது ஆண்டுகள் தராசுக்குக் கொடுத்த இடத்தை இரண்டு ஆண்டு பிள்ளைக்குக் கொடுக்க நாம் யோசிக்கிறோம் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். தொழுகையில் பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதற்காக, அவன் தானே இறங்கும் வரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஜ்தாவை நீட்டினார்கள் என்று நஸாயீயில் உள்ளதைப் பிறகு அவரே எனக்கு நினைவூட்டினார். அந்தப் பிள்ளையும் வளர்ந்துவிடும் பிள்ளைதான்.

தொலைபேசியைப் பற்றிய வாதமும் எழுந்தது. அதிலேயே கதை வருகிறதே என்றான் என் மகன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதை மருமகள் எடுத்துக் காட்டினாள்: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது, குறைந்தால் நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இலேயே, பிறந்த நாள் முதல் பிள்ளைக்கு உரக்க வாசித்துக் காட்டும்படி பெற்றோருக்குச் சொல்ல வேண்டுமென்று தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. உரக்க வாசிக்க ஒரு மனிதர் வேண்டும். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

அறை தயாரான முதல் வாரம் பையன் உள்ளே போனான், வந்தான், தலையணையை முற்றத்து மழையில் எறிந்தான். புத்தகத்தைத் தொடவில்லை. செலவு வீண் என்று நான் முணுமுணுத்தேன். மருமகள், “நீங்கள் உள்ளே போய் உட்காருங்கள் மாமா” என்றாள். நான்கடி அகலத்தில், இந்த முழங்காலோடு! அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் கடையில் கூட்டம் அதிகம். அந்நேரம்தான் பையன் தூங்கி எழுந்து நல்ல மனத்தோடு இருப்பான். இடம் கொடுக்க எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை போதுமாயிருந்தது. நேரம் கொடுக்க ஒவ்வொரு நாளும் கல்லாவை விட்டு எழுந்து வரவேண்டியிருக்கிறது. அறையைக் காலி செய்து கொடுத்ததை நான் ஒரு பெரிய ஈகையாகக் கணக்கில் எழுதியிருந்தேன். அது கொள்முதல்தான், வியாபாரம் இன்னும் தொடங்கவில்லை என்று தெரிந்தது. இப்போது அரை மணி நேரம் கல்லாவில் தம்பி மகன் உட்காருகிறான். வரவு சிறிது குறைந்திருக்கலாம். அந்தக் கணக்கை நான் பார்க்கவில்லை.

எந்த மொழியில் வாசிப்பது என்பதும் சுலபமாக இல்லை. என் மருமகள் பினாங்கில் மலாய் பேசி வளர்ந்த நம்மவர் வீட்டுப் பெண். அவளுடைய நன்னா தமிழில் கணக்கு எழுதியவர். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், எழுத்து தெரியாது. என்னோடு பேசத்தான் தமிழ் பேசுகிறாள். கெடாவிலும் பினாங்கிலும் இப்படிப் போன குடும்பங்களை விரல்விட்டு எண்ண முடியாது. நான் குறை சொல்லவில்லை. மலாய் இந்நாட்டு மொழி, அது இல்லாமல் பிள்ளை பிழைக்க முடியாது. சருகுமான் புலியை ஏமாற்றும் மலாய்க் கதைகளை அவள் வாசிக்கும்போது நானே நின்று கேட்பேன். அழ. வள்ளியப்பாவின் குழந்தைப் பாடல்களை நான் வாசிக்கிறேன். நான் தமிழில் கேட்டால் பையன் மலாயில் பதில் சொல்கிறான். யானையைக் காட்டினால் ‘காஜா’ என்கிறான். சென்ற வாரம் ஒரு தடவை ‘ஆனை’ என்றான். நான் மருமகளைக் கூப்பிட்டுச் சொல்லுமுன் மறுபடி ‘காஜா’ ஆகிவிட்டது.

மூன்று ஐந்து புத்தகங்களின் விஷயம் இன்னும் முடியவில்லை. தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னேன். கேட்டு முடிக்குமுன் “என் பங்கை விட்டேன் அண்ணே” என்றாள். தம்பி கூலிமிலிருந்து நேரில் வந்து, பெட்டியைத் திறந்து, அத்தாவின் கையெழுத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானும் விட்டதாகச் சொல்லிப் போனான். பெரிய அண்ணன் மட்டும், “மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தாயா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்” என்றார். அவர் கேட்டதில் தவறில்லை; எதை மன்னிக்கிறோம் என்று தெரிந்துதானே மன்னிக்க வேண்டும்? நான்கு நாளாகக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். 1974-இல் நிற்கிறேன். பெட்டி இப்போதைக்கு என் கட்டிலுக்கு அடியில், அந்த டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.